சிவப்பாகப் போகவில்லை என்று சொன்னவள்

நோயாளி என்றால் பொய் சொல்கிறவர் என்ற ஒரே நம்பிக்கையை வைத்துக்கொண்டு இருபத்தெட்டு வருஷம் காசநோய்ப் பிரிவில் காலம் தள்ளியவள் நான். அதற்குப் பணி அனுபவம் என்று பெயர் வைத்து எழுதித் தரச் சொல்கிறீர்கள். எழுதுகிறேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு உற்சாகம் வரும்படி எழுத வேண்டும் என்று உங்கள் மேலதிகாரி சொல்லியனுப்பியிருக்கிறார். அது மட்டும் என்னால் ஆகாது. உற்சாகம் வேண்டுமென்றால் மையத்தின் சுவரில் ஒட்டியிருக்கும் போஸ்டரைப் பாருங்கள். அதில் ஒரு குடும்பமே பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு நிற்கும். நான் ஏறி இறங்கிய வீடுகளில் மாத்திரை சாப்பிடும் யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

வேலை என்னவென்று உங்களுக்கே தெரியும். சளியில் கிருமி இருப்பதாக முடிவு வந்ததும் ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும். மாத்திரையைத் தொடங்கிவைத்து, ஆறு மாதம் முடியும்வரை ஒரு நாள் விடாமல் விழுங்க வைக்க வேண்டும். நிலக்கோட்டைக்கும் சித்தையன்கோட்டைக்கும் நடுவே இருக்கும் ஊர்களில் ஸ்கூட்டியில் சுற்றினேன். இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும். உடம்பில் தெம்பு ஏறியதும் ஆள் மாத்திரையை விட்டுவிடுவார். விட்டால் கிருமி பலத்தோடு திரும்பி வரும், அப்போது இதே மாத்திரைக்கு அடங்காது. அப்படித் திரும்ப வந்து செத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் திட்டினேன். முதலில் அக்கறையில் திட்டினேன், பிறகு பழக்கத்தில் திட்டினேன், கடைசியில் திட்டுவதே என் திறமை என்று ஆகிவிட்டது. ஊருக்குள் எனக்கு மாத்திரை போலீஸ் என்று பெயர். அந்தப் பெயரில் எனக்கு வெட்கம் கிடையாது, பெருமைதான்.

மாதக் கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து நின்று கணக்கு ஒப்பிப்போம். என் பகுதியில் இடையில் நிறுத்தியவர் ஒருவரும் இல்லை என்று சொல்லும்போது முன்வரிசை அதிகாரிகள் கை தட்டுவார்கள். ஒரு முறை சால்வைகூடப் போட்டார்கள். என் வீட்டில் ஃபிரிட்ஜின் மேல் தூசி படியாமல் இருக்க இப்போது அதைத்தான் விரித்திருக்கிறேன். அந்தக் கூட்டங்களில் எத்தனை பேர் விழுங்கினார்கள் என்று கேட்டார்கள். விழுங்கியவருக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

இனி கண் விஷயம். நாம் கொடுக்கும் ஒரே மாத்திரைக்குள் முதல் இரண்டு மாதம் நாலு மருந்தும் பிறகு மூன்றும் இருக்கும். அதில் கடைசிவரை இருக்கும் ஒன்று எத்தாம்பியூட்டால். அபூர்வமாகச் சிலருக்கு அது கண் நரம்பைத் தாக்கும். கண் சிவக்காது, வலிக்காது, நீர் வடியாது. பார்வையின் நடுப்பகுதி மங்கும், சிவப்பும் பச்சையும் வெளுத்துப்போகும். சீக்கிரம் கண்டுபிடித்து நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பிவிடும். நாள் கடத்தினால் போனது போனதுதான். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? பயிற்சி முகாமில் மைக் பிடித்து நானே வகுப்பு எடுத்திருக்கிறேன்.

சிகிச்சை அட்டையில் பார்வைக்கென்று ஒரு கட்டம் உண்டு, மாதாமாதம் கேட்டு எழுத வேண்டும். நான் கேட்ட லட்சணத்தைக் கேளுங்கள். "கண்ணெல்லாம் நல்லாத்தான தெரியுது?" கேள்விக்குள்ளேயே பதிலையும் மடித்து வைத்துக் கொடுத்தால் எதிரே இருப்பவர் தலையைத்தான் ஆட்டுவார். சில மாதங்களில் அதைக்கூடக் கேட்டதில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, வடை வருவதற்குள் அத்தனை அட்டையிலும் 'பார்வை நன்று' என்று எழுதி முடித்திருக்கிறேன்.

எங்கள் மையத்தில் பார்வை சோதிக்கும் எழுத்துப் பலகை ஒன்றும் இருந்தது. அதை எங்கே மாட்டினோம் தெரியுமா? மருந்து வாங்க வருகிறவர்கள் காத்திருக்கும் பெஞ்சுக்கு நேர் எதிரே. மாதாமாதம் இரண்டு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு அது மனப்பாடம் ஆகாமல் என்ன செய்யும்? பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் பெரியவர் ஒருவரிடம், "ஒரு கண்ண மூடிக்கிட்டு வாசிங்கய்யா" என்றேன். அவர் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை கடகடவென்று ஒப்பித்தார். பெஞ்சில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, பார்வை நன்று என்று எழுதினேன். பலகையை இடம் மாற்ற வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆணி அங்கேதான் இருந்தது, அவ்வளவுதான் காரணம்.

நம் வேலையில் ஒரு குறுக்கு வழி உண்டு. உங்களுக்கும் யாராவது இந்நேரம் காதில் ஓதியிருப்பார்கள். அதே மாத்திரையில் ரிஃபாம்பிசின் என்று இன்னொன்று இருக்கிறது. அது உள்ளே போனால் சிறுநீர் சிவந்த மஞ்சளாகப் போகும். ஆள் பயந்துவிடக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுவோம்: "ஒண்ணுக்கு செவப்பாப் போகும், ரத்தமில்ல, மருந்தோட சாயம்தான்." நான் அதையே திருப்பிப் போட்டுப் பிடிப்பேன். மாத்திரை தின்கிறாரா என்று சந்தேகம் வந்தால், கிளம்பும் நேரத்தில் ஏதோ ஞாபகம் வந்ததுபோல, "ஒண்ணுக்கு என்ன கலர்ல போகுது?" என்று கேட்பேன். நாலு நாள் மாத்திரையை அரிசிப் பானைக்குப் பின்னால் போட்டுவைத்த ஆள் யோசிக்காமல், "எப்பயும் போல வெள்ளையாத்தான் போகுது" என்பார். மாட்டிக்கொண்டார்! இதை என் சொந்தக் கண்டுபிடிப்பு போலப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். பின்னால் வந்த அத்தனை பேருக்கும் சொல்லிக் கொடுத்தேன். யாரிடமிருந்து உங்களுக்கு வந்தாலும் அதில் என் பங்கு கொஞ்சம் இருக்கும். அதனால்தான் பாண்டியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாண்டியம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். சித்தையன்கோட்டைப் பக்கம் ஒரு தக்காளிக் கமிஷன் கடையில் பழம் பிரிக்கிற வேலை. தோட்டத்திலிருந்து வந்து கொட்டும் தக்காளியில் பழுத்தது ஒரு பெட்டிக்கு, செங்காய் ஒரு பெட்டிக்கு, பச்சைக்காய் ஒரு பெட்டிக்குப் போக வேண்டும். பழம் பக்கத்துக் கடைகளுக்கு அன்றே போய்விடும், செங்காய் தூரத்து ஊர்களுக்கு லாரியில் ஏறும். கலந்துவிட்டால் வாங்குகிறவன் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவான். பாண்டியம்மா கையை வைத்தால் பேச்சுக்கொடுத்துக்கொண்டே மூன்று பக்கமும் சரியாக விழும் என்று கடைக்காரரே என்னிடம் சொல்லியிருக்கிறார். புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார், நினைத்தபோது வருவார். வீடு அவளுடைய கண்ணிலும் கையிலும்தான் ஓடியது. பக்கத்து வீட்டில் புருஷனின் தங்கை செல்வி இருந்தாள்.

முதல் இரண்டு மாதம் பாண்டியம்மா என்னிடம் ஒரு திட்டுகூட வாங்கவில்லை. மூன்றாவது மாதக் கடைசியில் மாத்திரை கொடுக்கப் போயிருந்தேன். அவளாகவே தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள்.

"மேடம், ஒரு வெசயம் கேக்கணும். ஒண்ணுக்கு முன்ன மாதிரி செவப்பாப் போகல. ரெண்டு வாரமா வெளுத்துப்போச்சு. மருந்து ஒடம்புல சேரலயோன்னு பயமா இருக்கு."

பொய் சொல்கிறவள் தானாக வந்து எதற்கு மாட்டிக்கொள்கிறாள் என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தோன்றும். எனக்குத் தோன்றவில்லை. வலை வீசாமலே மீன் துள்ளி விழுந்த சந்தோஷம்தான் எனக்கு.

"மாத்திரைய எங்க போடுற? சாக்கடையிலயா, அடுப்புலயா?"

"ஆத்தா சத்தியமா தின்னுக்கிட்டுத்தான் மேடம் இருக்கேன்."

"தின்னா செவப்பாத்தான் போகும். இருவது வருசமா இதப் பாக்குறேன், எங்கிட்டயே கதை விடுறியா?"

உள்ளே போய்க் காலி மாத்திரை அட்டைகளை எடுத்து வந்து காட்டினாள். எண்ணிப் பார்த்தேன், ஒன்றுகூடக் குறையவில்லை. அதையும் அவளுக்கு எதிராகவே எடுத்துக்கொண்டேன். கணக்காக உடைத்துக் கொட்டியிருக்கிறாள், கைகாரி என்று நினைத்தேன். கைகாரி என்றால் எனக்கு ஒரு மரியாதைகூட உண்டு, அந்த மரியாதையோடு இன்னும் பத்து வார்த்தை அதிகமாகத் திட்டினேன். அவளுக்குக் கண் கலங்கியது. இருமல்காரியின் கண்ணீரைப் பார்த்து இளகுகிற ஆளா நான்?

செல்வியைக் கூப்பிட்டு ஒரு பொறுப்புக் கொடுத்தேன். தினமும் காலையில் மாத்திரையை அவள் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும், பாண்டியம்மா விழுங்கிவிட்டு வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும், செல்வி எனக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும். ஒரு நாள் தவறினாலும் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிடுவேன் என்றும் மிரட்டினேன். அப்படி எழுதிக் கொடுக்க எனக்கு ஒரு அதிகாரமும் கிடையாது. நாத்தனார்களுக்கு இதைவிட நல்ல பதவியை எந்த அரசாங்கமும் கொடுத்ததில்லை. செல்வி அந்த வேலையைத் தெருக்குழாயடியில், தண்ணீர் பிடிக்க வரும் பெண்கள் அத்தனை பேருக்கும் முன்னால் வைத்துக்கொண்டாள். நான் பதிவேட்டில் எழுதினேன்: மருந்தை ஒழுங்காக உட்கொள்வதில்லை, தவறான தகவல் தருகிறார். அன்று மாலை கம்ப்யூட்டரிலும் ஏற்றினேன்.

பத்து நாள் கழித்துப் போனேன். பாண்டியம்மா வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள்.

"கடையில நிப்பாட்டிட்டாக மேடம். பழப் பெட்டியில பச்சக்காயப் போடுறேனாம். லோடு திரும்பி வந்துருச்சாம்."

"ஏன் போட்ட?"

"எல்லாம் ஒரே மாதிரியா இருக்கு மேடம். எது பழம், எது காயின்னு மட்டுப்படல."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எத்தாம்பியூட்டால் தின்கிற ஒருத்தி, சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று என் முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். நான் முகாம்களில் மைக் பிடித்துச் சொன்னதை வரிக்கு வரி என்னிடமே ஒப்பிக்கிறாள். இதைவிடத் தெளிவாக ஒரு நோயாளி எப்படித்தான் சொல்வது? துண்டறிக்கை அடித்துக் கொடுக்க வேண்டுமா? நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நெனப்பு வேற எங்கயோ இருந்தா அப்பிடித்தான். மொதல்ல மாத்திரைய ஒழுங்காத் தின்னு, எல்லாம் சரியாகும்." சொல்லிவிட்டு அட்டையில் பார்வை நன்று என்று எழுதினேன். கை அதுபாட்டுக்கு எழுதியது.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் போனேன். அன்று செல்வியும் இருந்தாள். "ஒரு நாளுகூட விடல மேடம், எங்கண்ணு முன்னாடிதான் முழுங்குறாக" என்றாள். பாண்டியம்மாவிடம் நிறம் என்னவென்று கேட்டேன். "வெள்ளையாத்தான் போகுது" என்றாள். இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள் என்று எனக்குச் சுள்ளென்று ஏறியது.

"ஒரு பாட்டில்ல பிடிச்சுக் கொண்டா. இப்பயே. நான் பாத்துட்டுத்தான் போவேன்."

பாண்டியம்மா பின்பக்கம் போய், ஒரு காலி இருமல் மருந்து பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்தாள். வெள்ளைக் கண்ணாடி பாட்டில். முற்றத்து வெயிலில் தூக்கிப் பிடித்தாள். நன்னாரி சர்பத்தில் தண்ணீர் கலந்ததுபோல நல்ல செம்மஞ்சள்.

"பாருங்க மேடம், பச்சத்தண்ணியாட்டம் இருக்கு. நான் எதையும் மறைக்கல. இப்பயாச்சும் நம்புங்க."

செல்விதான் முதலில் பேசினாள். "மதினி, என்ன சொல்றீக? நல்லாச் செவப்பால்ல இருக்கு!"

பாண்டியம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் சேந்து என்னயக் கேலி பண்றீகளா?" என்று கேட்டாள்.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரைச் சாகும் நிலையில் பார்த்திருக்கிறேன், அப்போதெல்லாம் வராத பயம் அன்று வந்தது. என்னைவிடப் பெரிய மடையர் யாராவது இந்த வேலையில் இருந்திருப்பார்களா என்றும் தோன்றியது. அன்று நான் கட்டியிருந்தது மிளகாய்ச் சிவப்பில் ஒரு சேலை. அதன் நிறம் என்ன என்று கேட்டேன். ஏதோ மங்கலாகச் சாம்பல்போல இருக்கிறது என்றாள். என் முகம் தெரிகிறதா என்று கேட்டேன்.

"நடுவுல பொக மூடுன மாதிரி இருக்கும் மேடம். செத்த ஓரமாப் பாத்தா தெரியும்."

"எம்புட்டு நாளா இப்பிடி?"

"ஒரு மாசம் இருக்கும்."

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா, மாத்திரைய நிறுத்துறதுக்கு சாக்கு சொல்றேன்னு வைவீகளே மேடம்."

அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு திண்டுக்கல்லுக்கு விட்டேன்.

நாங்கள் கண் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம். டாக்டர் கிளம்பிப் போயிருந்தார். பார்வை சோதிக்கிற ஒரு பெண் மட்டும் மேசையை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். வேலைக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகியிருக்காது, என் மகளைவிடச் சின்னவள். அவள் பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. புள்ளிப் புள்ளியாக நிறம் போட்டு, நடுவில் எண் ஒளித்து வைத்த புத்தகத்தைப் பாண்டியம்மா முன்னால் விரித்தாள். பக்கம் பக்கமாகத் திருப்பினாள். "வெறும் புள்ளியாத்தான் தெரியுது தாயி" என்றாள் பாண்டியம்மா. அந்தப் பெண் அவளைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, சிகிச்சை அட்டையை வாங்கிப் பார்த்தாள்.

"மாசாமாசம் பார்வை நன்றுன்னு இருக்கே. இது யாரு எழுதுனது மேடம்?"

"நான்தான்."

"எத வச்சு சோதிச்சீங்க?"

அவள் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். "நாளைக்குக் காலையில அந்த மாத்திரை உள்ள போகக் கூடாது. உங்க டாக்டர்ட்ட இப்பயே பேசுங்க. திங்கக்கிழமை வரைக்கும் வச்சுக்காதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

எங்கள் மருத்துவ அலுவலருக்குப் போன் செய்தேன். ஏதோ விசேஷ வீட்டில் இருந்தார், பின்னால் நாதஸ்வரம் கேட்டது. "ரெண்டு நாள்ல என்னம்மா ஆயிரப்போவுது? திங்கக்கிழமை கண் டாக்டர் பாத்து எழுதட்டும். நீங்களா நடுவுல நிறுத்துனா உங்க ரெக்கார்டுதான் கெடும்" என்றார். என்மீது அவருக்கு அவ்வளவு அக்கறை.

புதியவர்களே, உங்களுக்கு ஒரு நாள் இப்படி ஒரு மதியம் வரும். மருந்தை நிறுத்தும் அதிகாரம் நமக்கு இல்லை. இருக்கவும் கூடாது, இருந்தால் என்னைப் போன்றவர்கள் ஊரையே கொன்றிருப்பார்கள். எல்லா மருந்தும் ஒரே மாத்திரைக்குள் இருப்பதால் கெட்டதை மட்டும் உருவி எடுக்கவும் முடியாது. எல்லாவற்றையும் சேர்த்துத்தான் நிறுத்த வேண்டும். ஒரு பக்கம், அத்தனை வருஷமாக நான் கத்திக் கத்திச் சொன்ன ஒரே விதி. இன்னொரு பக்கம், பெஞ்சில் உட்கார்ந்து எதிர்ச் சுவரைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி. மூன்று மாதத்துக்கு மேல் மருந்து தின்ற உடம்பு இரண்டு நாள் மருந்து இல்லாமல் தாங்கும். கண் நரம்பு இன்னும் இரண்டு மாத்திரையைத் தாங்குமா என்று அங்கே யாருக்கும் தெரியாது. நினைத்துப் பார்த்தால் அதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. ஆனாலும் வராந்தாவில் கால் மணி நேரம் நின்றேன். என் ரெக்கார்டை நினைத்தும் நின்றேன், அதையும் மறைக்க விரும்பவில்லை.

மறுபடியும் அவருக்குப் போன் செய்தேன். "சார், கண் பிரிவுல நிறுத்தச் சொல்லிட்டாங்க. உங்ககிட்டச் சொன்னேன், நீங்க தொடர்ந்து கொடுக்கச் சொன்னீங்கன்னு நேரத்தோட அட்டையில எழுதிக்கிறேன். வாட்சப்புல ஒரு வரி அனுப்பிருங்க சார், போதும்" என்றேன். நாதஸ்வரம் தூரமாகப் போனது, ஆள் வெளியே வந்துவிட்டார். பிறகு, "சரி சரி, நிறுத்துங்க. நான் திங்கக்கிழமை பாக்குறேன்" என்றார். எழுத்தில் கேட்டால் நம் துறையில் எல்லோருக்கும் உடனே மருத்துவம் ஞாபகம் வந்துவிடும். இதை மட்டுமாவது என்னிடமிருந்து கற்றுக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். நாளையிலிருந்து மாத்திரை கொடுக்க வேண்டாம் என்று செல்வியிடம் சொன்னேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "குடுக்கலைன்னா போலீஸ்ல எழுதிக் குடுப்பேன்னீக. இப்பக் குடுத்தா எழுதிக் குடுப்பீகளா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

திங்கட்கிழமை டாக்டர்கள் பார்த்தார்கள். மருந்துதான் காரணம் என்றார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் அவளுடைய சிறுநீரகம் கொஞ்சம் மந்தம் என்று தெரிந்தது. மருந்தை வெளியே தள்ள முடியாமல் உடம்புக்குள்ளேயே தேக்கி வைத்திருக்கிறது. அதையும் ஆரம்பத்திலேயே பார்த்திருக்கலாம், யாரும் பார்க்கவில்லை. எத்தாம்பியூட்டாலை ஒரேயடியாக நிறுத்திவிட்டு, மற்ற மருந்துகளைத் தனித்தனி மாத்திரையாக எழுதிக் கொடுத்தார்கள். நோய் குணமாகிவிடும், கண்ணைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாது, நிறுத்திய பிறகும் சில வாரம் மங்கலாம் என்றார் டாக்டர். அப்படித்தான் ஆயிற்று, இன்னும் மங்கியது. நோய் சொன்னபடி குணமானது. பார்வை ஏழெட்டு மாதத்தில் முக்கால்வாசி திரும்பியது, பஸ்ஸின் பலகையைப் படிக்கிறாள். சிவப்பு திரும்பவில்லை. இன்று அவள் கத்தரிக்காய் மூட்டை தைக்கிறாள். தக்காளிப் பக்கம் அவளைச் சேர்ப்பதில்லை.

அந்த ஒரு மாதத்தில் பாதிக்கு மேல் தின்றது நான்தான். முதல் தடவை அவள் வந்து சொன்ன அன்றே பாட்டிலைக் கேட்டிருந்தால் சிவப்பும் மிஞ்சியிருக்கும் என்று கண் டாக்டர் என்னிடம் சொல்லவில்லை. அவர் நல்ல மனிதர். எனக்கே கணக்குப் போடத் தெரியும்.

அதனால், அட்டையின் கட்டத்தைப் பார்த்துக் கேள்வி கேட்காதீர்கள், ஆளைப் பார்த்துக் கேளுங்கள். கண் தெரிகிறதா என்று கேட்காதீர்கள். கையில் இருக்கும் மாத்திரை அட்டையைக் கொடுத்து, ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லி, சின்ன எழுத்தை வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாதவரிடம் வாசலில் கிடக்கும் பொருளின் நிறத்தைக் கேளுங்கள். அவர் என்ன வேலை செய்கிறார், அந்த வேலையில் புதிதாக என்ன தப்பு வருகிறது என்று கேளுங்கள். நோயாளி சொல்வதை நம்ப முடியவில்லை என்றால் அன்றே சோதித்துப் பாருங்கள். சோதிக்கச் சோம்பல்பட்டால் நம்பித் தொலையுங்கள். இரண்டும் இல்லாமல் திட்டிவிட்டு வருவதற்கு அரசாங்கம் பெட்ரோல் போட்டுத்தர வேண்டியதில்லை. மாத்திரையைப் பார்த்துப் பயப்படும்படியும் பேசி வைக்காதீர்கள், விட்டவர்கள் செத்ததும் உண்மைதான்.

சொல்ல இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. எத்தாம்பியூட்டாலை நிறுத்தி இரண்டு வாரம் ஆகியிருந்தது, அவளுக்குப் பார்வை ரொம்ப மோசமாக இருந்த சமயம். பதிவேட்டில் நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். கம்ப்யூட்டரில் ஏறியதை அழிக்க வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்படியானால் நேரில் போய்ச் சொல்வதுதான் முறை என்று கிளம்பினேன். வழக்கமாக வாசலில் போய் ஹாரன் அடிப்பேன். அன்று வெட்கமாக இருந்தது, ஸ்கூட்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்தேன்.

குழாயடியில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். செல்வியும் இருந்தாள். எதிரே வாசற்படியில் உட்கார்ந்து பாண்டியம்மா மடியில் போட்டு மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நான் நடுவில் நின்றுகொண்டு சொன்னேன்.

"பாண்டியம்மா ஒரு நாளுகூட மாத்திரைய விடல. அவ பொய் சொல்றான்னு சொன்னதும், உங்க எல்லாருக்கும் முன்னாடி நாக்கத் தூக்கிக் காட்ட வச்சதும் தப்பு. அவ சொன்னதெல்லாம் நெசம். அவ கண்ணு இப்பிடி ஆனதுல தப்பு அவமேல இல்ல, அவ சொன்னத காதுல வாங்காதவங்க மேலதான்."

குரல் எழும்பவில்லை. வேறு யாரோ பேசுவதுபோல எனக்கே கேட்டது. பெண்கள் குடத்தை வைத்துவிட்டு என்னையே பார்த்தார்கள். பாண்டியம்மா உரிப்பதை நிறுத்திவிட்டு, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி என் பக்கம் பார்க்க முயன்றாள்.

"யாரு செல்வி அது? ஆஸ்பத்திரிலருந்து புதுசா வந்திருக்காகளா? அந்த மேடத்த மாத்திட்டாகளா?"

செல்வி என்னைப் பார்த்தாள்.

"நான்தாம்மா" என்றேன்.

பாண்டியம்மா அவசரமாக எழுந்தாள். மடியில் இருந்த மொச்சையெல்லாம் வாசலில் கொட்டியது. முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"இன்னைக்கு மாத்திரைய காலையிலயே தின்னுட்டேன் மேடம்" என்றாள்.